தோற்றவன் போர்த்திய சால்வை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்து விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"எலக்‌ஷன்ல தோத்தவன் வந்து எனக்கு சால்வை போத்திட்டான்பா."

"யாரு, வார்டு மெம்பருக்கு நின்னானே, உன் சிநேகிதன் அந்தோணியா?"

"அவனேதான். ஜெயிச்சா போத்திக்கலாம்னு வாங்கி வெச்ச சால்வை. வாங்கினதே ஒரு ஓட்டு. அவன் ஓட்டு, ஊட்டு ஓட்டுங்க எல்லாமே வேற வார்டு. 'அந்த ஒண்ணு நீ போட்டதுதான்'னு என் கையைப் புடிச்சிக்கினு அழுவுறான்."

"நல்லதுதானே?"

"நான் போடலப்பா. ஜெயிக்கிற ஆளுக்குக் குத்திட்டு வந்துட்டேன்."

"அடப்பாவி! அப்போ யாரு போட்டது?"



"எம் பொண்டாட்டி. அவன் சால்வை போத்துறப்போ, டீ டம்ளரை வெச்சிக்கினு பக்கத்துலதான் நின்னா. என்னைக் காட்டிக் குடுக்கல."

"அவன் போனதும் தங்கச்சி உன்னைக் கிழிச்சிருக்குமே?"

"கிழிச்சிருந்தா தேவல. 'நான்தான் போட்டேன்'னு மட்டும் சொல்லிட்டு, சால்வையை மடிச்சு என் தலவாணி மேல வெச்சிட்டா. நானும் தெனம் எடுத்து பீரோவுல வெக்கிறேன். படுக்கப் போனா, திரும்ப அங்கேயே இருக்குது."