எந்தத் தேதியைப் போடட்டும்?

அவைக்கு அழகும் அமைதியும் சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! பட்டறை வைத்துப் பாடுபட்டுப் பலபேர் வீட்டில் அடுப்பெரியச் செய்யும் பெருமக்களே! வரவையும் செலவையும் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த கணக்காளர்களே! வீட்டையும் தொழிலையும் ஒரே தலையில் சுமந்துகொண்டு, அதையும் சிரித்த முகத்தோடு சுமக்கும் தாய்மார்களே! எனக்கு முன்னால் பேசி, இருந்த கைதட்டல் முழுவதையும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்ட நண்பர் அவர்களே! மிச்சம் மீதி இருந்தால் எனக்கும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டு, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கத்தை வைக்கிறேன்.

தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு, தொழிற்சாலைக்கு ஈஆர்பி மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது. தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் இரண்டு பேர் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். ஐயா, உட்காருங்கள்! பயப்படும்படி ஒன்றுமே இல்லை. வாங்குகிறவர் ஒருவர், செய்கிறவர் ஒருவர், விற்கிறவர் ஒருவர் என்று ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறோமே, அத்தனையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிற மென்பொருள் அது. சரக்கு வந்தாலும் அதற்குத் தெரியும், தீர்ந்தாலும் தெரியும், யார் எதை எங்கே வைத்தார் என்பதும் தெரியும். எங்கள் வீட்டில் அந்த வேலையை என் மனைவி பார்க்கிறார். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதால் இதைப் பாராட்டாக மட்டுமே சொல்கிறேன்.

எங்களுடையது கதவு செய்கிற தொழிற்சாலை. என் மாமனார் ஆரம்பித்தது. விற்பனை என் மனைவி கையில். உற்பத்தி அவருடைய தம்பி, அதாவது என் மச்சான் கையில். கொள்முதல் என் தலையில். மரம், பசை, கீல், பூட்டு, வார்னிஷ் எல்லாம் வாங்கிப் போடுவது நான். யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில் வாங்கிக் கொடுப்பது என் கொள்கை. சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேருக்கும் அதுதான் கொள்கை.

மென்பொருள் வாங்குவதென்று முடிவானதும் தேர்வுப் பொறுப்பையும் என் தலையிலேயே கட்டினார்கள். கேட்டேன், விசாரித்தேன், வடிகட்டினேன். கடைசியில் இரண்டு நிறுவனங்கள் மிஞ்சின. ஒன்றின் திரை கண்ணைப் பறிக்கும் வண்ணம். வாடிக்கையாளர் தன் கைப்பேசியிலேயே கதவு எங்கே நிற்கிறதென்று பார்த்துக்கொள்ளலாம். என் மனைவி அதிலே மயங்கினார். இன்னொன்றின் திரை வெள்ளையடித்த சுவர் மாதிரி வெறுமையாக இருந்தது. ஆனால் எந்த இயந்திரத்தில் எந்தக் கதவு எப்போது ஏற வேண்டும் என்று பிசகாமல் சொல்லும். மச்சான் அதிலே மயங்கினான். வீடு இரண்டு கட்சியானது. நடுவில் நான், ஓட்டே இல்லாத வேட்பாளன்.

இரண்டு நிறுவனத்தாரையும் மென்பொருளை ஓட்டிக்காட்ட அழைத்தோம். அப்போது ஒரு நிபந்தனை போட்டேன். தாய்மார்களே, இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். மென்பொருள் விற்பவர்கள் எல்லோரும் தங்கள் கையிலேயே ஒரு மாதிரிக் கம்பெனியை வைத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் கம்பெனியில் சரக்கு தீராது, ஆள் லீவு போட மாட்டான், வாடிக்கையாளர் மனம் மாற மாட்டார். அப்படி ஒரு கம்பெனி இருந்தால் அதற்கு மென்பொருள் எதற்கு? ஆகவே சொன்னேன்: உங்கள் மாதிரி வேண்டாம், எங்கள் ஆர்டரை ஏற்றிக் காட்டுங்கள். அப்போது எங்களிடம் ஒரு புது மருத்துவமனைக் கட்டடத்துக்கான கதவு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதையே கொடுத்தோம்.

முதலில் வண்ணத்திரைக்காரர் வந்தார். பெயர், அளவு, மரம் எல்லாம் ஏற்றினார். டெலிவரி தேதி என்ற கட்டம் வந்தது. ஏதோ ஒரு தேதியைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நாங்களும் கைதட்டிவிட்டோம்.

பிறகு வெள்ளைச்சுவர்க் கம்பெனியிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அதே கட்டம் வந்தது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"டெலிவரி எப்போங்க? எந்தத் தேதியைப் போடட்டும்?"

என் மனைவி ஒரு தேதி சொன்னார். மச்சான் சிரித்துவிட்டான்.

"மேடம், அது அக்கா சும்மா போடற தேதி. அதுக்கு மேல ஒரு வாரம் சேர்த்துக்கோங்க."

"சும்மாவா? கஸ்டமர்கிட்ட நான் வாக்குக் கொடுத்த தேதிடா அது!"

"அக்கா, நீ எப்பவும் முன்கூட்டியேதான் போடுவே. எனக்குத் தெரியாதா?"

"நீ எப்பவும் இழுத்தடிப்பேன்னு தெரிஞ்சுதான்டா முன்கூட்டிப் போடறேன்!"

"நீ முன்கூட்டிப் போடுவேன்னு தெரிஞ்சுதான்க்கா நான் மெதுவா செய்யறேன்!"

அந்த அம்மையார் பாவம், கையை விசைப்பலகைக்கு மேலேயே வைத்துக்கொண்டு, "சார், நான் எதைப் போடட்டும்?" என்று என்னைக் கேட்கிறார். என்னத்தைச் சொல்ல? "மேடம், முதல்ல டீ சாப்பிடுங்க" என்றேன்.

(அங்கே ஓர் ஐயா தலையாட்டுகிறார். உங்கள் கம்பெனியிலும் இதே கதைதானே? நினைத்தேன்!)

சிரிப்பாகத்தான் தொடங்கியது. சிரிப்பாக முடியவில்லை. வெளியாட்கள் முன்னால் வந்த வார்த்தை அல்லவா? என் மனைவிக்குத் தன் சொல்லைச் சும்மா என்று சொல்லிவிட்டானே என்ற வலி. மச்சானுக்குத் தன்னை இழுத்தடிப்பவன் என்று சொல்லிவிட்டாளே என்ற வலி. வார்த்தை வளர்ந்தது, வழக்கு வளர்ந்தது. கடைசியில் மச்சான் சொன்னான்:

"பிரிச்சுக்கலாம்க்கா. விக்கிறதுக்கு ஒரு கம்பெனி நீ வச்சுக்கோ. செய்யறதுக்கு ஒண்ணு நான் வச்சுக்கறேன். உனக்குப் பிடிச்ச சாஃப்ட்வேர் உனக்கு, எனக்குப் பிடிச்சது எனக்கு."

பெருமக்களே, மென்பொருள் வாங்கப் போன இடத்தில் குடும்பம் பிளக்கப் பார்த்தது. ஒரே வாசல் வழியாக வந்த இருவரும் ஆளுக்கொரு வாசல் வழியாக வந்தார்கள். "உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க" என்று ஒரு குரல். "மாமா, அக்காகிட்ட சொல்லிடுங்க" என்று இன்னொரு குரல். நான் தபால்காரனாகத் திரிந்தேன். வக்கீலைப் பார்க்க மச்சான் நேரம் வாங்கிவிட்டான் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கே இருவரையும் கூப்பிட்டேன். "சாஃப்ட்வேரைத் தூக்கி ஓரமா வைங்க. பிரியறதா இருந்தாலும் பிரிங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. இந்த ஆஸ்பத்திரி ஆர்டர், போன் வந்த மேஜையிலிருந்து லாரி ஏறுற இடம் வரைக்கும் எப்படிப் போகுதுன்னு மூணு பேரும் நடந்து பார்ப்போம்" என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். ஆனாலும் வந்தார்கள்.

விற்பனை மேஜையைத் தாண்டினோம். மரக்கிடங்கைத் தாண்டினோம். அறுக்கிற இடம், இழைக்கிற இடம், ஒட்டுகிற இடம் எல்லாம் தாண்டி வார்னிஷ் கொட்டகைக்கு வந்தோம். மருத்துவமனைக் கதவுகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. என் மனைவி ஒரு கதவின் மேல் கையை வைத்தார். கை ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது விரல் தடம் அப்படியே பளபளப்பில் பதிந்துவிட்டது.

"இன்னும் காயலையாடா?"

"எப்படிக்கா காயும்? காத்துல ஈரம் இருக்கு. நிதானமா விட்டாத்தான் காயும்."

"இது இன்னைக்கு லாரியில ஏறணுமே?"

"ஏத்திடுவேன். நீ போட்ட தேதிக்குன்னு அவசரப்படுத்தி அனுப்பினதெல்லாம் காயாமப் போனதுதான்க்கா."

சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் உறை கதவில் ஒட்டிக்கொண்டு வருகிறது, பூச்சு உரிகிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொல்லும்போதெல்லாம் தம்பியின் அலட்சியம் என்றே என் மனைவி நினைத்திருந்தார். ஒட்டிய கையைத் துடைக்காமலே தம்பியின் பக்கம் திரும்பினார். மெல்லக் கேட்டார்:

"உனக்கு உண்மையா எத்தனை நாள்தான்டா வேணும்?"

மச்சான் நிமிர்ந்து பார்த்தான். "இத்தனை வருஷத்துல இதை நீ இப்பத்தான்க்கா கேக்கறே" என்றான்.

என் மனைவி அழுதுவிட்டார். "உன்னைச் சோம்பேறின்னு கஸ்டமர்கிட்ட நானே சொல்லியிருக்கேன்டா" என்றார். அவன் "விடுக்கா, உன்னைப் பத்தி நான் சொன்னது அதைவிட மோசம்" என்றான். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று ஒரு டின்னின் மூடியை அழுத்தி அழுத்தி மூடிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

மச்சான் விரல்விட்டு எண்ணி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என்றான். அங்கே நின்றபடியே மருத்துவமனைக் கட்டட எஞ்சினியருக்குப் போன் போட்டோம். ஒலிபெருக்கியில் வைத்தோம். என் மனைவி, "சார், இன்னைக்கு அனுப்ப முடியாது. வார்னிஷ் காயணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரும்" என்றார். மூவரும் போனை நெருங்கி நின்றோம். பிறகு அவர் சொன்னார்:

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க சொல்ற தேதிக்கு மேல நாங்க எப்பவும் ரெண்டு வாரம் தள்ளித்தான் வச்சிருப்போம். வெள்ளிக்கிழமைங்கறது நெஜம்னா எங்களுக்கு முன்னாடியே வந்த மாதிரிதான். ஆனா இது நெஜத் தேதிதானா?"

என் மனைவி தம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் தம்பி சொன்ன தேதி சார். அவன் சொன்னா சரியா இருக்கும்."

மச்சான் "கிளாம்ப் பார்க்கணும்" என்று என்னவோ முணுமுணுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டான். பலகையை ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்கிற கருவி அது; அந்த நேரத்தில் அதற்கென்ன அவசரம்? கண்ணைத் துடைக்கப் போனான்.

யோசித்துப் பாருங்கள்! விற்பவருக்கு ஒரு தேதி, செய்பவருக்கு ஒரு தேதி, வாங்குபவருக்கு ஒரு தேதி. ஒருவரையொருவர் நம்பாமல் ஓடிய ஒரு தொழிற்சாலைக்குள் எத்தனை விலை கொடுத்து எதை வாங்கி வைத்தால்தான் என்ன? மென்பொருளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் நாம் சொன்ன பொய்யைத் திருப்பிச் சொல்லத் தெரியும். வேகமாகச் சொல்லும், விடாமல் சொல்லும், எல்லாத் திரையிலும் சொல்லும்! ஆகவே வாங்குவதற்கு முன்னால் ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு உங்கள் பட்டறைக்குள் எல்லோருமாக ஒரு முறை நடந்துவிடுங்கள். கை எங்கே ஒட்டுகிறதோ அங்கே நின்று பேசுங்கள்.

யாரோ கேட்கிறார்கள், "கடைசியில எதை வாங்கினீங்க?" என்று. நல்ல கேள்வி. இரண்டுமே நல்ல சரக்குதான். ஒருவர் எங்களைக் கேட்காமல் ஒரு தேதியைப் போட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் கையை எடுத்துவிட்டு எங்களைக் கேட்டார். கேட்டவரிடம் வாங்கினோம். வண்ணம் இல்லாத திரையை வேண்டாம் என்று சொன்ன என் மனைவிதான் முதல் ஆளாகக் கைதூக்கினார். மச்சான் வக்கீலுக்குப் போன் போட்டு, வேலை இல்லை சார், வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் நாள். புது ஆர்டர் ஒன்று வந்தது. என் மனைவி விசைப்பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். பெயர் ஏற்றினார், அளவு ஏற்றினார், அந்தக் கட்டம் வந்தது. கையை எடுத்துவிட்டு, இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி கத்தினார்:

"தம்பி, நீ சொல்லுடா, நான் போடறேன்!"

பேச இடம் தந்த தலைவருக்கும், டீ ஆறினாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்து கேட்ட உங்களுக்கும், என் குடும்பச் சண்டையை ஊரறியச் சொல்ல அனுமதி தந்த என் மனைவிக்கும் மச்சானுக்கும் நெஞ்சார நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.