முப்பது அடிச் சந்து

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும்னு நான் அன்னைக்கே சொன்னேன்! நம்ம தெருக்கோடியில மீன் கிடங்கு வரும், லாரியெல்லாம் நம்ம வாசல் வழியாத்தான் போகும்னு... டீக்கடையில வச்சு... சொன்னேனா இல்லையா? டீக்கடைக்காரரே தலையை ஆட்டுறார் பாருங்க. என்ன... இல்லைன்னு ஆட்டுறாரா? சரி விடுங்க, அவருக்கு ஞாபக மறதி.

கிடங்குக்கு அனுமதி கொடுக்கலாமான்னு முடிவு பண்ற திட்டக் குழுவோட வண்டி இன்னும் வரலை. அதுவரைக்கும் ஏதாச்சும் பேசுங்க மாமான்னு சங்கத் தலைவர் மைக்கைக் கொடுத்துட்டார். கொடுக்கலாமா? என்னைத் தாங்க முடியாம எட்டாங்கிளாஸோட பள்ளிக்கூடமே கும்பிடு போட்டு அனுப்பிவச்ச ஆளுங்க நான்! சரி... அவங்க வந்து சேர்றதுக்குள்ள கையடக்கமா ஒரு கதை. கேளுங்க.

மருதமங்கலத்துல, என் மச்சான் வீட்டுப் பக்கம் ஒரு சந்து. எவ்வளவு அகலம்? எதிர்வீட்டுக்காரர் தும்மினா இந்த வீட்டுக்காரர் முகத்தைத் துடைச்சுக்குவார். அவ்வளவுதான் அகலம்! அந்தச் சந்துக் கோடியில மங்களேஸ்வரின்னு ஒரு அம்மா. வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் தவறாம ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வரணும். வெளியே போக அந்த ஒரே வழிதான்.

அங்கே ஒருத்தர் கல்யாண மண்டபம் கட்ட மனுப் போட்டார். யோசிச்சுப் பாருங்க... முகூர்த்த நாள்ல சந்து முனை பூரா காரு. ஆட்டோ எப்படி வெளியே வரும்? அந்த மனுஷன் கதி என்ன?

குழு கூடுற அன்னைக்குச் சந்தே திரண்டு வந்து உட்கார்ந்திருக்கு. எல்லாருக்கும் கோபம். துரைக்கண்ணுன்னு ஒருத்தர், மீசையை முறுக்கிக்கிட்டு, "நான் எந்திரிச்சேன்னா குழுவே எந்திரிச்சுடும்!"ங்கிறார்.

குழு எப்படி வேலை பார்க்கும், தெரியுமா? மேசையில வரைபடத்தை விரிப்பாங்க. அதிகாரி வாசிப்பார். "ஆட்சேபணை உண்டா?"ன்னு மூணு தடவை கேட்பாங்க. சத்தம் வரலையா... டப்! முத்திரை விழுந்துடும். இடத்தைப் போய்ப் பார்க்க மாட்டாங்களா? ஆட்சேபணை வந்தாத்தான் பார்ப்பாங்க. வரலைன்னா காகிதத்துல இருக்கிறதுதான் ஊரு!

அதிகாரி வாசிக்கிறார். "உத்தேசக் கல்யாண மண்டபம்... முன்பக்கம் முப்பது அடி சாலை..."

முப்பது அடியா! சந்துக்காரங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. பேசலாம்னு வாயைத் திறந்தாங்க. அந்த நேரம் பார்த்து உள்ளே வருது... என்ன? சுடச்சுடப் போண்டா! தேங்காய்ச் சட்னியோட! யார் உபயம்? மண்டபக்காரர் உபயம்!

திறந்த வாய்... போண்டா உள்ளே போயிடுச்சு.

"ஆட்சேபணை உண்டா?"

"ம்... ம்ம்..."

நம்ம துரைக்கண்ணு? சூடு தாங்காம வானத்தைப் பார்த்து "ஹா... ஹா..."ன்னு ஊதிக்கிட்டிருக்கார். குழுத் தலைவர் சொல்றார்: "அந்தப் பெரியவர் எவ்வளவு சந்தோஷமாச் சிரிக்கிறார் பாருங்கய்யா!"

ரெண்டாவது தடவையும் கேட்டாச்சு. முத்திரையைக் கையில எடுத்தாச்சு. மங்களேஸ்வரி அம்மாவுக்கு அன்னைக்கு விரதம். பச்சைத் தண்ணி பல்லுல படலை. அந்தக் கூட்டத்துலயே காலியா இருந்த ஒரே வாய் அதுதான்! விசுக்குன்னு எந்திரிச்சாங்க.

"ஐயா, எனக்கு ஆட்சேபணை!"

"என்னம்மா ஆட்சேபணை? முப்பது அடி ரோடு இருக்குல்ல?"

"அந்த ரோட்டை எனக்கும் காட்டுங்கய்யா. வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து அங்கேதான் இருக்கேன், இன்னும் என் கண்ணுல படலை."

"வரைபடத்துல இருக்கும்மா."

"என் வீட்டுக்காரரை வரைபடத்துல ஏத்தியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது? உங்க ஜீப்புலயே வாங்கய்யா. முப்பது அடின்னா தாராளமாப் போகுமே!"

வந்தாங்க. ஜீப்பு சந்துக்குள்ள நுழைஞ்சுது... கொஞ்சம் போச்சு... குழாய்க்குள்ள புட்டு மாவு மாதிரி அடைச்சுக்கிச்சு! முன்னேயும் போகலை, பின்னேயும் வரலை. ரெண்டு பக்கக் கதவும் திறக்கலை. தலைவர் பின்பக்கமாத் தவழ்ந்து இறங்குறார், ஐயா! மங்களேஸ்வரி வீட்டுக்காரர்தான் மெதுவா நடந்து வந்து, கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, ஒரு செம்பு தண்ணி கொடுத்தார்.

தலைவர் கேட்டார்: "நீ இங்கே வந்து பார்த்தியாய்யா?"

அதிகாரி சொல்றார்: "ஆட்சேபணை இல்லாம வந்து பார்க்கிற வழக்கம் இல்லீங்களே..."

அன்னைக்கே மனு தள்ளுபடி!

இதை ஏன் இப்போ சொல்றேன்? எல்லாரும் மூக்கை உறிஞ்சிப் பாருங்க. பின்பக்கம் எண்ணெய் காயுதுல்ல? யார் உபயம்னு யாராவது கேட்டீங்களா? நான் கேட்டேன். கிடங்குக்காரர் உபயம்! அதோ, மூணாவது வரிசையில தம்பி, இப்பவே கையைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே... உங்களைத்தான். குழுக்காரங்க கெட்டவங்க இல்லைங்க. கேட்பாங்க. ஆனா நாம வாயைத் திறந்து சொன்னாத்தான் வந்து பார்ப்பாங்க. "ம்"னு முனகினா சம்மதம்னு எழுதிக்குவாங்க. அப்புறம் மீன் லாரி வாசலை மறிச்சு நிக்கும்போது மூக்கைப் பிடிச்சுக்கிட்டு யார்கிட்ட போய் அழுவீங்க?

இன்னொண்ணும் சொல்லிடுறேன். ஜீப்பு மாட்டினது சத்தியம், சுவத்துல கீறல் இன்னும் இருக்கு. தலைவர் தவழ்ந்ததும் சத்தியம். அந்த விரதம் இருக்கே... அது மட்டும் என் கைச்சரக்கு. "எனக்கும் விரதமா இருந்தா நானும் பேசியிருப்பேன் மாமா"ன்னு நாளைக்கு எவனாவது வந்து நிப்பான் பாருங்க, அதுக்குத்தான் உண்மையைச் சொல்றேன். அந்த அம்மா வாயிலயும் போண்டா இருந்துச்சு. முழுப் போண்டா! அதோடதான் எந்திரிச்சுக் கத்தினாங்க. சட்னி தெறிச்சு வரைபடத்துலயே விழுந்துச்சு.

துரைக்கண்ணு சாப்பிட்ட அதே போண்டா... அதே சூடு.

வண்டிச் சத்தம் கேட்குது. வந்துட்டாங்க. எல்லாரும் தொண்டையைச் செருமிக்குங்க!