எட்டு மணிக்குப் பூட்டிக்கொள்ளும் அணி

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் ஒரு கரண்டி கூடிவிட்டது. அளவு தெரியாமல் அள்ளிப் போடுவது மனிதர்களின் பொதுக் குணம். எங்கள் பேருந்து டிப்போவிலும் அப்படித்தான்.

நான் அங்கே ட்யூட்டி போடுகிறவன். எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எப்போது எடுப்பது என்று முடிவு செய்கிற நாற்காலி என்னுடையது. அதன் எதிரே தினமும் ஒரு ஒப்பாரிக் கூட்டம் நிற்கும். ஒருவனுக்கு முதுகு பிடித்திருக்கும். ஒருவனுக்கு மாமியார் வந்திருப்பாள். இன்னொருவனுக்கு மலைப்பாதை என்றாலே வயிற்றைக் கலக்கும். ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்துவிட்டால் ஊரையே சுமப்பதாக நினைப்பு.

நீங்கள் அந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அது பேஸ்பால். மைதானமும் இல்லை, வியர்வையும் இல்லை. எல்லாம் கைப்பேசிக்குள். ஆளுக்கு ஓர் அணி, அணியில் இருப்பவர்கள் கணினி பெற்றுப்போட்ட பிள்ளைகள். நாம் ஆடுவதில்லை. இன்று யார் ஆடுவது, யார் உட்காருவது என்று மட்டும் சொல்வோம். பந்தை எறிகிறவனுக்கு பிட்சர் என்று பெயர். எல்லாம் அவன் கையில்தான். ஒருநாள் எறிந்தவனைச் சில நாட்கள் உட்கார வைக்க வேண்டும். அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பட்டை இருக்கும். பச்சை என்றால் இறக்கலாம். சிவப்பு என்றால் களைத்துவிட்டான், இறக்கினால் கை ஒடியும். மாலை ஆறிலிருந்து எட்டுக்குள்தான் அணியை மாற்ற முடியும். எட்டு அடித்ததும் பூட்டிக்கொள்ளும். நீங்கள் வரவில்லை என்றால் நேற்று எறிந்தவனே இன்றும் எறிவான்.

டிப்போவுக்கு இதைக் கொண்டுவந்ததே நான். இதுவும் ட்யூட்டி போடுகிற வேலைதானே, கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம் என்று நினைத்தேன். ஜெயித்தது என் தங்கை வீட்டுக்காரர். அவரும் எங்கள் ஓட்டுநர்தான். அவர் ஆடுகிற லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கணினி ஆட்களோடு பேசுவார். அவர் அணியில் வயதான பிட்சர் ஒருவன் இருந்தான், ‘கிழவன்’ என்று செல்லமாகக் கூப்பிடுவார். “நேத்து ரொம்ப எறிஞ்சிட்டடா, இன்னைக்குப் படு” என்று திரையைத் தடவிக் கொடுப்பார். இப்படிப்பட்ட ஆளிடம் நான் தோற்றேன்.

தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் கேன்டீனில், எல்லோர் முன்னாலும், என் கைப்பேசியை எட்டிப் பார்த்தார்.

“என்ன மச்சான், உங்க ஆளுங்க எல்லாம் செக்கச்செவேல்னு இருக்காங்க? எங்களப் போட்டு வாட்டுறது பத்தாதுன்னு இவனுங்களையுமா?”

டிப்போவே சிரித்தது. டீ ஊற்றுகிறவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து சிவப்புப் பட்டை உள்ள எவனையும் நான் இறக்கியதில்லை. நல்ல பாடம் யார் சொன்னால் என்ன?

பிறகு நான் செய்ததில் விதிமீறல் எதுவும் இல்லை. மாலையில் மலைப்பாதை வண்டியை அவருக்குப் போட்டேன். அந்தப் பாதையில் கைப்பேசி வேலை செய்யாது. ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு மேல்தான் கீழே இறங்க முடியும். அதை மட்டும் கொடுத்தால் சொந்தக்காரனுக்குச் சலுகை என்று நாக்கு நீண்டவர்கள் பேசுவார்களே. அதனால் விடிகாலை முதல் வண்டியையும் சேர்த்தேன். நியாயமாக இருக்க வேண்டும் பாருங்கள்.

அவர் அணி சரியத் தொடங்கியது. ஒரு காலையில் என் மேசைக்கு வந்தார், தாடி மழிக்காமல்.

“மச்சான், கிழவன் கை போச்சு. நேரத்துக்கு வந்து அவன உக்கார வைக்க முடியல.”

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இல்லாத ஒருவனின் இல்லாத கைக்காக, மீசை வைத்த ஆம்பளை. நான் ஆறுதல் சொன்னேன்.

அடுத்து என் தங்கை வந்தாள். “அண்ணா, தட்டுல கைய வச்சபடியே தூங்கிடுறாரு. கை கழுவவே எழுப்ப வேண்டியிருக்கு. ஒரு வாரம் பகல் வண்டி போடேண்ணா.”

“பாக்கலாம்மா” என்றேன். பார்த்தேன். இறுதி ஆட்டம் நெருங்கிவிட்டிருந்தது. எப்படியோ அவர் அணி தட்டுத்தடுமாறி அங்கே வந்து சேர்ந்திருந்தது, எனக்கு எதிராக.

அந்த மாலை மெக்கானிக் என் ஜன்னலைத் தட்டினான். “அண்ணே, உங்க மாப்ள வண்டிக் கண்ணாடில தலைய முட்டுக்கொடுத்து நிக்கிறாரு. ஸ்பேர் டிரைவர் உள்ள சும்மா கேரம் ஆடிட்டிருக்கான். அவன அனுப்புங்க.”

கிரீஸ் துடைக்கிறவன் எனக்கு ட்யூட்டி போடக் கற்றுக்கொடுக்கிறான். “உன் வேலையைப் பாரு” என்றேன்.

பின்னாலேயே அவரும் வந்தார். குழாயடியில் முகத்தைக் கழுவியிருந்தார், சட்டை நனைந்திருந்தது.

“இன்னைக்கு மட்டும் விடுங்க மச்சான். ஆட்டத்துக்காக இல்ல, சத்தியமா. ஃபைனல் கப்ப நீங்களே எடுத்துக்குங்க. கண்ணு சொருகுது.”

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். படுத்த இடத்திலிருந்து ஒரு விரலை அசைத்தால் போதும், அணி மாறிவிடும். நான் ஏமாளி இல்லை.

“காத்து பட்டா சரியாயிடும் மாப்ள. கிளம்புங்க.”

அவர் வண்டியில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, ஹாரன் ஒன்று அடித்துவிட்டுப் போனார்.

எட்டு மணிக்கு அணி பூட்டிக்கொண்டது. கிழவனுக்குப் பதிலாக இருந்த அவருடைய இன்னொரு பிட்சர் முழுச் சிவப்பில் வந்து எறிந்தான். பார்க்கவே பரிதாபம். நான் ஜெயித்தேன். யாரிடமாவது காட்டலாம் என்று எழுந்தபோது மேசைத் தொலைபேசி அடித்தது.

வளைவில் பிரேக் பிடித்த தடமே இல்லை என்கிறீர்கள். அவரும் எட்டுப் பயணிகளும் பிழைக்கவில்லை என்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. அவர் களைத்திருந்தது எனக்குத் தெரியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. மனிதர்களுக்குப் பட்டை கிடையாது என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் அன்று அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன. எனக்கு நிறம் தெரியும். தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் அனுப்பினேன். ஸ்பேர் டிரைவர் கேரம் ஆடிக்கொண்டிருந்ததும் தெரியும்.

தங்கை என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளுக்கு எப்போதுமே படபடப்பு அதிகம், நாளாக நாளாகச் சரியாகிவிடும். ஆட்டத்தின் புதிய பருவம் தொடங்கியதும், ஆளில்லாத அவர் அணியிலிருந்து கிழவனை நான் எடுத்துக்கொண்டேன். சொந்தத்தில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா? கை கூடிவிட்டது. நேற்றுதான் முதல்முறையாக எறிந்தான், நன்றாகவே எறிந்தான்.

உங்கள் பின்னால் இருக்கிற கடிகாரத்தில் ஏழே முக்கால். என் கைப்பேசி உங்கள் மேசையில் இருக்கிறது, ஐயா. ஒரு நிமிடம் கொடுங்கள், நீங்களே பிடித்துக்கொண்டாலும் சரி. கிழவனை உட்கார வைக்க வேண்டும். களைத்துப்போனவனை மறுபடி இறக்கிவிட்டால் தாங்க மாட்டான். பாவம், அவன் யாருக்கு என்ன கெடுதல் செய்தான்?