சவுக்குக் கம்புகளுக்கு நடுவே

புதுவயலிலிருந்து காரைக்குடிக்கு வந்த டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா இருந்தார். பக்கத்தில் நின்ற கொத்தனாரிடம், "புது வீட்டுக்குள்ள போனா சவுக்குத் தோப்புல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"கான்கிரீட் போட்டு ஒரு வாரம்கூட ஆகலையே ஆத்தா. முட்டுக் கம்பைப் பிரிச்சா தளம் தலையில விழுகும்."

"நாளைக்கு மகளைப் பொண்ணு பாக்க வாராக. வந்தவுக கம்புக்குப் பின்னால ஒளிஞ்சு விளையாடவா?"

"பழைய வீட்டுல வச்சுப் பாக்கச் சொல்லுங்க."

"அங்குட்டு ஓலை ஒழுகுது. புது மச்சு வீடுன்னு சொல்லித்தான வரச் சொன்னோம்!"

"அதுக்கு நான் என்ன செய்ய? ஒங்க அவசரத்துக்கு சிமெண்டு இறுகுமா?"

"நடுவுல நிக்கிறதை மட்டுமாச்சும் எடுங்க."

"அதுதான் ஆத்தா தாங்குது."

"முன்னாடியே போட்டுத் தொலைச்சிருக்கலாமுல்ல?"

"போடத்தான் ஆளோட வந்தேன். அன்னைக்கு அஷ்டமின்னு திருப்பி அனுப்புனது யாரு?"

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கியவர் கீழே நின்று சொன்னார்:

"சரி, கம்பு நிக்கட்டும். ஒவ்வொன்னுலயும் வாழை மரம் கட்டிர்றேன். பந்தல்னு நெனச்சுக்கிருவாக."

பஸ் நகர்ந்தது. கொத்தனார் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினார்.

"கயித்துல கட்டுங்க ஆத்தா! ஆணி அடிச்சிராதீக!"