ஸ்போர்ட்ஸ் காருக்குள் சங்கையாவின் பம்புசெட்

நாற்காலி போட்டதற்கு நன்றி, ஐயரே. பட்டறையில் நாளெல்லாம் குந்தி வேலை பார்ப்பதால் முதுகு இப்போது சொன்னபடி கேட்பதில்லை.

நேற்று சர்ச் ஆராதனையில் பொன்ராஜுக்கும் நர்ஸ் ஞானஜோதிக்கும் இரண்டாவது முறையாகக் கல்யாண ஓலை வாசித்தீர்கள். தடை இருந்தால் சொல்லலாம் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். வேறு யாரும் எழுந்திருக்காததால் நான் எழுந்தேன். தடை இருக்கிறது. அதை நானே என் கையால் செய்தேன்.

போன மாதம் பொன்ராஜ் மதுரையிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தான். சீமைக்குத் திரும்பும் மில் மானேஜர் ஒருவர் விற்றது. சிவப்பு நிறம், இரண்டே பேர் உட்காரலாம். இரண்டாவது இடம் ஞானஜோதிக்கு என்று விருதுநகர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்ததாகச் சிலர் பேசுகிறார்கள். நான் மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவன். அந்த எரிச்சல் வேறு.

"ஏலே தேவமணி, ஐயர் கிராமமெல்லாம் சுத்திட்டு ஞாயித்துக்கெழமதான் வாராக. ஜெபம் பண்ணாத வண்டியில நான் ஏற மாட்டேன். அதுவரைக்கும் ஒன் பட்டறையில கெடக்கட்டும்லே" என்று சாவியையும் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆறு நாள் இருந்தது. ஆறு நாளில் ஆண்டவர் உலகத்தையே படைத்தார். நான் ஓர் எஞ்சினைத்தான் மாற்றினேன்.

காரியாபட்டி சங்கையாவின் பம்புசெட் எஞ்சின் ரிப்பேருக்கு வந்திருந்தது. அதைக் காருக்குள் இறக்கினேன். பொன்ராஜின் உயிர்மேல் உள்ள அக்கறைதான், வேறொன்றுமில்லை. வேகம் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அதன்மேல் கை வைத்து உருக்கமாக ஜெபித்தீர்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

கார் எஞ்சினைச் சங்கையாவின் கிணற்றில் பொருத்தினேன். கடன் வைப்பது என் வழக்கமில்லை. மறுநாளே சங்கையா பட்டறை வாசலில் வந்து நின்றார். "அடேய் பாவி, அரை மணி நேரத்துல கெணறு வத்திப்போச்சுடா! தண்ணி தீந்து தவளைய இறைக்குது! நீ நல்லாயிருப்பியா?" என்றார். நல்லாயிருக்கிறேன் என்றேன்.

பொன்ராஜ் ஞானஜோதியைப் பெண் பார்க்கச் சிவகாசிக்குக் கிளம்பினான். டுக்குடுக்கென்று புகை கக்கிக்கொண்டு போயிற்று வண்டி. திருத்தங்கல் வருவதற்குள் மூன்று பருத்தி வண்டிகள் அவனை முந்திப் போயின. காலையில் புறப்பட்டவன் விளக்கு வைக்கும் நேரத்தில், முகமெல்லாம் கரியோடு பெண் வீட்டில் இறங்கினான். வந்த வழியே விரட்டிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பெண்ணின் அப்பா தேவாசீர்வாதம் வாத்தியாரோ, "இம்புட்டுப் பெரிய கார வச்சுக்கிட்டு இம்புட்டுப் பொறுமையா வர்ற புள்ளைக்கு எம் மகளக் கண்ண மூடிக்கிட்டுக் குடுப்பேன்" என்று அங்கேயே கை நனைக்க வைத்துவிட்டார்.

அந்தப் பொறுமை சங்கையாவின் எஞ்சினுடையது, ஐயரே. பொன்ராஜுடையது அல்ல. இது மோசடிக் கல்யாணம். சபை தடுக்க வேண்டும்.

முழுதும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஞானஜோதியைப் பார்க்கப் போன ஜேசுதாசன் பாதி வழியில் சோளக்காட்டுக்குள் ஓடியது என் பேதி மாத்திரையால். அதற்கு முந்திய மாப்பிள்ளை ஏற்கெனவே கல்யாணமானவர் என்ற மொட்டைக் கடிதமும் என் கையெழுத்துதான். அவர் பாவம், நல்ல மனுஷன்.

எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. குறித்த நாள் வீணாகக் கூடாதே என்று ஒரு கல்யாணக் கோட்டு மட்டும் தைத்து வைத்திருக்கிறேன். ஞானஜோதியின் சம்மதத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நாலு வருஷத்தில் அவள் என்னை ஒருமுறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. நான் இன்னும் அவளிடம் பேசவில்லை, அவ்வளவுதான்.