ஓடாத கைதி

"...ராஜாவே வந்து அந்தக் கைதியோட சங்கிலிய அவுத்து வுடுவான் மச்சான். ஆனா அவன் ஓடமாட்டான். அங்கதான் லவ்வே கீது!"

தாம்பரத்தில் நான் ஏறிய மின்சார ரயிலில், எனக்கு எதிரே ரெண்டு ஃபேக்டரி வாலிபர்கள். ஒருத்தன் தான் வரைந்த படக்கதையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"கடைசியில ராஜா அழுவானா?"

"கதறுவான்டா."

"உங்க சூப்பர்வைசர் அழுதாரா? உன்னைத் தவிர எனக்கு யாருமில்லன்னு ராத்திரி உன் ரூமுக்கு வந்து சொன்னவரு, தன் கல்யாணப் பத்திரிகையவே உங்கிட்ட நீட்டினாரே, அப்போ?"

வரைந்தவன் படக்கதையை மூடிப் பைக்குள் வைத்தான்.

"மண்டபத்துல மாட்ட அவர் பேரு, பொண்ணு பேரு ரெண்டையும் தெர்மாகோல்ல வெட்டித் தரணுமாம். நான்தான் நல்லா வெட்டுவேனாம்."

"முடியாதுன்னு சொல்லேன்டா."

"என்னை பெர்மனன்ட் பண்றது அவர் கையிலதானடா கீது?"

குரோம்பேட்டை வந்தது. தெர்மாகோல் வாங்க இறங்கியவன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "பேருக்கு மேல ஜிகினா ஒட்டணும். தங்கக் கலர் நல்லாருக்குமா, செவப்பா?"