மணிக்கூண்டுத் தகரம்

அன்று மதியம் தேவாலயத்து நிலவறையில் இருந்தவர்கள்: போதகர் மேரன், சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் லவோன் ட்வேட், அவள் கணவர் ஓரின், நான். அவ்வளவுதான். ஐந்தாவதாக அர்லோ ஹியூஸ்பியின் பெயரையும் உன் ஆட்கள் சேர்த்திருக்கிறார்கள். அதை அடித்துவிடு, டேல். சத்தம் கேட்டபோது அவர் உள்ளே இல்லை.

காபி நன்றாக இருந்தது. அடக்கத்துக்குப் பிறகு கொடுக்கிற காபி எங்கள் ஊரில் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். செத்தவர் வெர்னா ஓல்ஸ்டாட். தொண்ணூறைத் தாண்டியவர். கடைசிக் காலத்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்தான் கிடந்தார். யாரும் பெரிதாக அழவில்லை. பன்றி இறைச்சி வைத்த பன், கேரட் துருவிப் போட்ட ஜெல்லி, எல்லாம் வழக்கம்போல.

நீ ஷெரிஃப். உன்னிடம் வந்து சொல்வதுதான் முறை. ஆனால் அர்லோவுக்காக வந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. லவோனுக்காக வந்தேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பொதுச் சாப்பாடு. வீட்டுக்கு ஒரு பாத்திரம். லவோன் எப்போதும் கொண்டுவருகிற அதே உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும், பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டிய டேப்போடு. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த பாத்திரங்களிலிருந்து எல்லோரும் அள்ளினார்கள். அதில் கரண்டி இறங்கவில்லை. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊரில் ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டால் அவருடைய பாத்திரம் நிறைந்தபடியே வீடு திரும்பும். அவ்வளவுதான் தண்டனை. அது போதும்.

நான் அவளுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டேன். அவள் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "கெழங்கு சரியா வேகல போலருக்கு, லோவல்."

வெந்திருந்தது. ஊரே அவளைத்தான் நினைக்கிறது, அர்லோ வெளியே இருக்கும்போது நிலவறைக் கதவைப் பூட்டியது அவள் என்று. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். இப்போதெல்லாம் அவள் தூங்குவதில்லை என்று ஓரின் சொன்னார்.

பூட்டியது நான்.

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. என் வேலையே பூட்டுவதுதான். ராத்திரி முழுக்க முதியோர் இல்லத்தில் தரை துடைப்பேன், படுக்கை மாற்றுவேன், கதவு கதவாகப் பார்த்துப் பூட்டுவேன். ஒரு கதவு திறந்து கிடந்தால் புத்தி பேதலித்த கிழவர் யாராவது வெறும் காலோடு பனியில் இறங்கிப் போய்விடுவார். இத்தனை வருஷத்தில் கைக்கு அது பழகிப்போயிற்று. கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடும். ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். கார்ச் சாவி காரிலேயே தொங்கும். வீட்டைப் பூட்டிவிட்டு ஒருவன் வெளியூர் போனால், எதை ஒளிக்கிறான் என்று கேட்பார்கள். பனிக்காலத்தில் ஆளில்லாத பண்ணை வீட்டைக்கூடத் திறந்துதான் வைப்பார்கள், வழியில் மாட்டிக்கொண்டவன் நுழையட்டும் என்று. தேவாலயத்து நிலவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதே பலருக்குத் தெரியாது.

அர்லோவுக்கும் எனக்கும் பகை உண்டா என்று கேட்டாய். கிடையாது. தினமும் பார்த்துக்கொள்வோம். வேலை முடிந்து காலையில் கஃபேக்குப் போவேன், வேறு போக்கிடம் இல்லை. நீள மேஜையில் விதை கம்பெனித் தொப்பிகளோடு கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மழை, சோளம், யார் எந்த டிராக்டர் வாங்கினான் என்பது. நான் நுழைந்ததும் அர்லோ ஆரம்பிப்பார்.

"வாங்க புரொபசர். ராத்திரி கிளாஸ் எப்படி? எல்லாரும் படுத்துக்கிட்டே பாடம் கேட்டாங்களா?"

"பாஸ் பண்ணவன் எவனாவது உண்டா?" என்பான் இன்னொருவன்.

"வெர்னா பாஸாயிட்டாளாமே. நேரா மேல் கிளாஸுக்கே போயிட்டா."

நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் நீளும்.

புரொபசர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும், கவுண்டி முழுக்கத் தெரியும். பள்ளியில் முதலாவதாக வந்தேன். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இதே நிலவறையில் விருந்து வைத்து ஊரார் ஒரு சூட்கேஸ் பரிசு கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே, சோள அறுப்பு முடிவதற்குள், திரும்பி வந்துவிட்டேன். அங்கே யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு வகுப்பறையில் எங்கள் ஊரைவிட அதிகம் பேர் இருந்தார்கள், யாரைப் பார்த்துத் தலையசைப்பது என்று தெரியவில்லை. அவ்வளவுதான்.

நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் பஸ் என்னை இறக்கிவிட்டது. தற்செயலாக அங்கே அர்லோ நின்றிருந்தார். அவர் வண்டியில்தான் வீட்டுக்கு வந்தேன். சூட்கேஸில் விலைச்சீட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அந்தக் கதை கஃபேக்கு வந்துவிட்டது. "சீட்டக்கூடக் கிழிக்கலைங்க. கடையில திருப்பிக் குடுத்துடலாம்னு பாத்துருக்கான்." அதையே அவர் சாகிறவரைக்கும் சொன்னார். ஒவ்வொரு புது ஆளுக்கும் சொன்னார்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்று வண்டியில் வழிநெடுக நான் அழுதேன். அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். என் வீட்டு வாசலில் நிறுத்தி, "மூஞ்சியத் தொடச்சிட்டு உள்ள போ" என்றார். அந்த அழுகையை அவர் ஒருநாளும் யாரிடமும் சொல்லவில்லை. விலைச்சீட்டை மட்டும்தான் சொன்னார்.

வெர்னாவின் அடக்கத்தில் வேதவசனம் வாசிக்க மேரன் என்னைக் கேட்டிருந்தாள். அவள் மினியாபொலிஸிலிருந்து இலையுதிர் காலத்தில் வந்தவள். ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இரண்டு பேரில் ஒருத்தி; மற்றவள் லவோன். நான் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். கீழே சாப்பாட்டு மேஜையில் அவள் அதைச் சொன்னாள்: "உங்க குரலுக்கு எல்லாரும் அப்படியே அடங்கிட்டாங்க, லோவல். நீங்க எங்க படிச்சீங்க?"

எதிரே இருந்த அர்லோ கோப்பையைக் கீழே வைத்தார். "பாஸ்டரம்மா, இவன் சூட்கேஸ் கதை உங்களுக்கு இன்னும் யாரும் சொல்லலையா?"

சொன்னார். அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, அவர் சொல்கிற விதத்துக்கு யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைத் தட்டிச் சொன்னாள்: "சரி புரொபசர், ஈஸ்டருக்கும் நீங்கதான் வாசிக்கணும்."

இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. நீ வரிசையாகச் சொல்லச் சொன்னாய், அதனால் சொல்கிறேன்.

அதற்குள் காற்று மாறிப் பனிப்புயல் தொடங்கிவிட்டது. பண்ணைக்காரர்கள் முதலில் கிளம்பினார்கள், பிறகு ஊருக்குள் இருப்பவர்கள். ஜன்னலுக்கு வெளியே முதலில் தெரு மறைந்தது, பிறகு எங்கள் கார்கள். பனி வாரும் வண்டி வரட்டும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். லவோன் பாத்திரம் கழுவினாள், மேரன் துடைத்தாள், ஓரின் காதுக்கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மேஜைகளை மடித்தார். அர்லோ கோட்டை மாட்டிக்கொண்டு படியேறி வெளியே போனார். எதற்குப் போனார் என்பதைப் பிறகு சொல்கிறேன். கதவு சாத்திக்கொண்டது. நான் கதவருகே நின்றிருந்தேன். சொன்னேனே, கைப்பழக்கம். பூட்டிவிட்டு இறங்கிவந்தேன்.

"அர்லோ எங்கடா?" என்றாள் லவோன்.

"வீட்டுக்குக் கிளம்பிட்டாரு."

"இந்தக் காத்துலயா? கெழட்டுக் கிறுக்கன்."

வீடு அதே தெருவில்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், தேட ஆள் இல்லை. அவர் போயிருப்பார் என்றுதான் நானும் நினைத்திருக்க வேண்டும்.

பிறகு சத்தம் கேட்டது. மேரன் துணியோடு நின்றாள். "என்ன அது, யாரோ தட்டுற மாதிரி?"

"மணிக்கூண்டுத் தகரம்," என்றேன். "ஆணி கழண்டு கெடக்கு. காத்தடிச்சா இப்படித்தான் அடிச்சுக்கும்."

அது பொய் இல்லை. தகரம் உண்மையிலேயே கழன்றுதான் கிடந்தது. சற்று நேரம் கழித்து அவள் மறுபடியும் நிமிர்ந்தாள். "இல்ல, கதவுலதான் தட்டுறாங்க."

லவோன் சிரித்தாள். "கதவுல யாரும்மா தட்டுவாங்க? தொறந்துதானே கெடக்கு. வர்றவங்க உள்ள வருவாங்க."

மேரன் நகரத்தில் வளர்ந்தவள். அவளுக்குக் கதவு என்றால் தட்டுவது. ஆனால் லவோன் அவ்வளவு உறுதியாகச் சொன்னதும் அவள் கோப்பையைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள். நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். அடிப்பிடித்த பாத்திரங்கள் இருந்தன, தண்ணீர் வேகமாக வர வேண்டியிருந்தது.

மறுநாள் நீயே பார்த்தாய். கதவு நிலையைச் சுற்றிலும் பேனாக்கத்தியால் பனிக்கட்டியைச் செதுக்கியிருந்தார். மேலே, பக்கவாட்டில், கீழே. பூட்டுப் பக்கம் ஒரு கீறல் இல்லை. காரில் போய் உட்கார்ந்திருக்கலாமே என்று உன் ஆள் கேட்டான். உறைந்து ஒட்டிக்கொண்ட கதவை விட்டுவிட்டு யார் காருக்குப் போவார்கள்? இன்னும் கொஞ்சம் செதுக்கினால் திறந்துவிடும். அந்தக் கதவு பூட்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் முன்வாசலுக்குப் போகலாம் என்று சுவரை விட்டு விலகியிருக்கிறார். மரவேலிக்குப் பக்கத்தில் உறைந்து கிடந்தார், வழி தப்பி, வேறு திசையில்.

சாயங்காலம் பனி வாரும் வண்டி வந்து ஹாரன் அடித்ததும் லவோன்தான் முதலில் படியேறினாள். கதவை இழுத்தாள். திறக்கவில்லை. "இத யாரு பூட்டுனது?" என்றாள். அப்போது வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னேன்: "அர்லோ போனப்புறம் நீங்கதானே கடைசியா பாத்திரத்தோட கதவுகிட்ட வந்தீங்க? இடுப்பால தள்ளிச் சாத்தினீங்களே, தாழ்ப்பா விழுந்திருக்கும்." அவள் யோசித்தாள். "இருக்கும்," என்றாள். அந்த 'இருக்கும்' அடுத்த நாள் காலையில் என்னவாக மாறியது என்று உனக்குத் தெரியும்.

அதற்காகத்தான் வெட்கப்படுகிறேன். அந்தக் கிழங்கை நானாவது ஒரு கரண்டி எடுத்திருக்கலாம். நானும் எடுக்கவில்லை.

இதுவரை சொன்னதை நீ எழுதிக்கொண்டால் கைப்பழக்கம் என்று முடிந்துவிடும். வரும் வழியில் நானும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லவோனை நீ விட வேண்டுமானால் அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அர்லோ போனது என் காருக்காக. ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார், பனிக்குள் என் கார் முன்விளக்கு மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. "லைட்ட அணைக்காம வந்துருக்கியே புரொபசர். காலேஜ்ல இதக்கூடவா சொல்லித் தரல?" என்று கோட்டை எடுத்தார். நான் போகிறேன் என்றேன். "நீ போனா திரும்பி வர்றதுக்கு ஒரு சூட்கேஸ் வேணும். இரு." மறுநாள் அந்தக் கார் பேட்டரி இறங்காமல் ஒரே திருப்பில் கிளம்பியது. அணைத்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார்.

படியின் மேல் நின்று, "காத்து கதவப் பிச்சுக்கிட்டுப் போயிடும், நல்லா புடிச்சுக்கோ," என்றார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே இறங்கினார். நான் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். அது வருஷக்கணக்காகத் திருப்பாதது, பெயின்ட் அடித்து அடித்து இறுகிப்போனது. லவோனின் விரல்களுக்கு ஜாம் பாட்டிலே திறக்காது. எனக்கே ஒரு கையால் அசையவில்லை. விட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்து, பூட்டுகிற வரைக்கும் திருப்பினேன்.